முட்டியில் நீர் எடுக்கும்போது வலிப்பது ஊசியாலா, இழுக்கிற கையாலா?

ஜூன் 9, இரவு

“முட்டியில நீர் எடுக்கவே விடாதீங்க. ஒரு தடவை எடுத்தா கிணறு மாதிரி ஊறிக்கிட்டே இருக்கும்.”

அம்மாவின் முட்டி வீக்கத்தைப் பற்றிப் போன வாரம் நான் கேட்டதற்கு வந்த முதல் பதில் இது. எங்கள் பெரம்பூர் தெருவிலும் நாலு பேர் இதையே சொல்லிவிட்டார்கள், பால்காரர் உட்பட. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மூட்டின் உள்சவ்வை ஏதோ ஒன்று உறுத்துவதால்தான் நீர் ஊறுகிறது. உறுத்தல் இருக்கும்வரை எடுத்தாலும் ஊறும், எடுக்காவிட்டாலும் ஊறும். நல்ல முட்டியில் இருப்பதே 3, 4 மில்லிதான், ஒரு டீஸ்பூன்கூட நிறையாது.

என் கேள்வி வேறு. வெள்ளிக்கிழமை ஒரு கிளினிக்கில் அம்மாவுக்கு நீர் எடுத்தார்கள். மூன்று இடத்தில் குத்தி மொத்தம் 8 மில்லி வந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். அம்பத்தூரில் 26 வருஷமாக, அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் வேலை. யார் என்ன கருவி பிடித்தாலும் என் கண் அவர் கைக்குத்தான் போகும். டாக்டர் வலது கையில் 20 மில்லி சிரிஞ்சைப் பிடித்து, இடது கையால் பிஸ்டன் தண்டை இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஊசி 3, 4 மில்லிமீட்டர் உள்ளே போய் வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கால் கட்டைவிரல் விறைத்து மேலே மடங்கியது. ஊசி குத்தியபோது அப்படி மடங்கவில்லை. இழுத்தபோதுதான்.

பிடிக்கிற கையே இழுக்கவும் செய்கிற மாதிரி ஒரு சிரிஞ்சு இருக்கிறதா? யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

ஜூன் 10, காலை

இருக்கிறது. செவிலியராக இருக்கும் ஒரு வாசகி வழிகாட்டினார், ராத்திரி ஒரு மணி வரை படித்தேன்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வில்மர் சிபிட் என்ற மூட்டு மருத்துவரும் கூட இருந்தவர்களும் செய்த சிரிஞ்சு. ஒரே உடம்பில் அக்கம்பக்கமாக இரண்டு தண்டுகள். ஒன்று வழக்கமான பிஸ்டன், மற்றது துணைத்தண்டு. இரண்டையும் உள்ளுக்குள் எதிரெதிராகக் கோத்திருக்கிறார்கள். கிணற்று ராட்டினத்தில் ஒரு வாளி இறங்கினால் மறு வாளி ஏறுமே, அப்படி. பிஸ்டனைக் கட்டைவிரலால் அமுக்கினால் மருந்து உள்ளே போகும். துணைத்தண்டை அமுக்கினால் பிஸ்டன் பின்னால் வரும், நீர் ஏறும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிடித்த இடத்திலேயே நிற்கும். கட்டைவிரல் மட்டும் ஒரு தண்டிலிருந்து அடுத்ததற்கு நகரும்.

இழுக்கும் வேலையே கிடையாது, இரண்டு வேலையும் அமுக்கல்தான். இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதை வைத்து எடுத்தபோது வலி குறைந்தது என்றும், ஊசி நுனி கைக்கு அடங்கி நின்றது என்றும் அவர்கள் ஆய்வுகளில் எழுதியிருக்கிறார்கள். செய்தவர்களே சோதித்தது என்பதையும் மனத்தில் வைத்துத்தான் படித்தேன். ஆனாலும் அம்மாவின் கட்டைவிரலைப் பார்த்தவனுக்கு அதை நம்பக் கஷ்டமாக இல்லை.

ஜூன் 10, மதியம்

இன்னொரு பயன் விட்டுப்போயிற்று. அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்துக்கொண்டே எடுக்கும்போது ஒரு கை, தோல்மேல் வைத்துப் பிடிக்கிற புரோபுக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரே கை. சாதாரண சிரிஞ்சில் ஒரு கையால் இழுக்க வேண்டுமானால் பிடியையே மாற்ற வேண்டும், மாற்றும் நொடியில் ஊசி ஆடும்.

ஜூன் 12, இரவு

மருந்துக்கடையில் 10 மில்லி, 20 மில்லி, 50 மில்லி சிரிஞ்சு ஒவ்வொன்று வாங்கினேன். ஊசியெல்லாம் பச்சை நிறம், அதாவது 21 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிமன்). பிங்க் நிறத்தில் ஒன்று, 18 கேஜ். சமையல்கட்டு மேடையில், கெட்டியான மூட்டு நீருக்குப் பதிலாக ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய். அம்மா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, “என் முட்டிக்காகவாடா இவ்வளவு எண்ணெயையும் வீணாக்கறே” என்றாள்.

பச்சை ஊசியில் எண்ணெய் ஏறவே மாட்டேன் என்றது. பிங்கில் சரசரவென்று ஏறியது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. துவாரத்தின் விட்டம் இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்கு ஆகும், நான்காம் அடுக்கில் கூடுகிறது. 18 கேஜின் உள்துவாரம் 0.8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 21 கேஜுக்கு 0.5 அளவு. அந்தச் சின்ன வித்தியாசத்துக்கே 7 மடங்கு ஓட்டம்.

அடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு முனையை விரலால் அடைத்து, தண்டில் கயிறு கட்டி, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் இழுத்தேன். 50 மில்லி சிரிஞ்சு 6 கிலோவைத் தாண்டியது. 10 மில்லி 2 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஆக, பெரிய சிரிஞ்சுக்கு உறிஞ்சும் சக்தி மூன்று மடங்கு அதிகம்.

ஜூன் 13, காலை 5.30

நேற்று எழுதிய கடைசி வரி தப்பு. தூக்கத்தில்தான் உறைத்தது.

எந்த சிரிஞ்சாக இருந்தாலும் உள்ளே வெற்றிடம்தான், அதற்கு மேல் உறிஞ்ச முடியாது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ, காற்றழுத்தம் கொடுப்பது அவ்வளவுதான். 50 மில்லியின் பிஸ்டனை வெர்னியரில் அளந்தேன், 28 மில்லிமீட்டர். பரப்பு 6 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அதனால் 6 கிலோ. ஊசி முனையில் உறிஞ்சல் இரண்டுக்கும் ஒன்றே. கூடுவது இழுக்கிறவர் கை கொடுக்க வேண்டிய பலம் மட்டும்.

அந்த டாக்டர் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று இப்போது புரிகிறது. ஒரு கையில் 20 மில்லி சிரிஞ்சை 3 கிலோ பலத்தில் இழுத்துக்கொண்டு, மறு கையில் ஊசி நுனியை மில்லிமீட்டர் பிசகாமல் நிறுத்து என்றால், லேத்தில் நிற்கிற என்னாலேயே முடியாது. வெள்ளிக்கிழமை அவர்மேல் வந்த கோபம் பாதி போய்விட்டது.

ஜூன் 15

புத்தூர் கட்டு, தைலம், பிரண்டைத் துவையல் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அன்புக்கு நன்றி. பிரண்டை எங்கள் மாடியிலேயே இருக்கிறது, வாரம் ஒரு நாள் துவையல் உண்டு. ஆனால் ஏன் வீங்கியது என்று தெரியாமல் கட்டுப் போட எனக்கு மனசு வரவில்லை. 2006இல் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் தெருவே நொண்டியது. எல்லாருக்கும் ஒரே வலி, ஒரே காரணம். இப்போது ஒற்றை முட்டி மட்டும் பூசணி மாதிரி இருக்கிறது. அந்த நீர் என்ன சொல்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

ஜூன் 21, இரவு

இன்று ஒரு மூட்டுவாத நிபுணரிடம் போனோம். அறுபதை ஒட்டிய பெண்மணி. நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

முதலில் அம்மாவைப் படுக்க வைத்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். கால் லேசாக மடங்கி, தொடைச் சதை தொளதொளவென்று ஆகும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எந்த ஊர், எத்தனை பேரப்பிள்ளைகள், ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எல்லாம் ஒரே குரலில். முட்டிச் சில்லை இரண்டு விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. “இப்பதான்மா சதை விட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு, சில்லின் மேல்வெளி ஓரத்தில் பேனா மூடியை அழுத்தி ஒரு வட்டம் பதித்தார். மருந்து தடவினாலும் அந்தப் பள்ளம் அழியாது என்பதற்காக.

மரப்பு மருந்து மெல்லிய ஊசியில் போட்டுவிட்டு, போட்ட உடனே குத்தவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழுசாக இரண்டு நிமிஷம் நின்றார். பிறகு பிங்க் ஊசி. இடது கையின் சுண்டுவிரல் பக்கத்தை அம்மாவின் முட்டிமேலேயே ஊன்றி, அந்தக் கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஊசியின் அடிக்கழுத்தைப் பிடித்துக்கொண்டார். முட்டி அசைந்தால் கையும் சேர்ந்து அசையும், ஊசிக்கும் முட்டிக்கும் நடுவே ஆட்டமே இருக்காது. நாங்கள் லேத்தில், சுழலும் கம்பி ஆடாமல் தாங்க ஸ்டெடி ரெஸ்ட் வைக்கிற அதே காரியம். எதிர்ப்பக்கத்தில் சிஸ்டர் உள்ளங்கையால் முட்டியை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

சிரிஞ்சு நிறைந்ததும் ஊசியை எடுக்கவில்லை. ஒரு இடுக்கியால் ஊசிக் கழுத்தைக் கவ்வி, சிரிஞ்சை மட்டும் திருகிக் கழற்றி வேறு மாட்டினார். இரண்டு சிரிஞ்சு. மொத்தம் 42 மில்லி. ஒரே குத்து.

நான் கட்டைவிரலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மடங்கவில்லை. அம்மா பாதியில் கண்ணை மூடிக்கொண்டாள், நான் பயந்துபோய் “அம்மா” என்றேன். “இருடா, அசதியா இருக்கு” என்றாள்.

ஒரு சொட்டை ஊசி முனையிலிருந்து விழவிட்டுக் காட்டினார். நல்ல மூட்டு நீர் வெள்ளைக்கரு மாதிரி நூலாக நீண்டு தொங்குமாம். இது தண்ணீர் மாதிரி டப்பென்று சொட்டியது. மஞ்சளாக, கலங்கலாக இருந்தது. ட்யூபுக்குப் பின்னால் ரிப்போர்ட் தாளைப் பிடித்தால் எழுத்து தெரியவில்லை. “உள்ளே அழற்சி இருக்கு, அதான் நீர்த்துப்போச்சு” என்றார். ஊதா மூடி ட்யூபில் கொஞ்சம், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்குக் கொஞ்சம், படிகம் பார்க்கக் கொஞ்சம்.

சிபிட் சிரிஞ்சைப் பற்றிக் கேட்டேன். தெரியும் என்றார். அதே குழுவினர் முட்டியின் மேல்பாதியில் இறுக்கமான இலாஸ்டிக் பட்டை மாட்டி, நீரைக் கீழே தள்ளி எடுத்தால் அதிகமாக வருகிறது என்று காட்டியதையும் அவரே சொன்னார். “என்கிட்ட சிஸ்டர் கை இருக்கு, அவங்க லீவு போட்டா கிரேப் பேண்டேஜ் சுத்திக்குவேன்” என்றார்.

ஜூன் 24

ரிப்போர்ட். வெள்ளையணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 14,000. 200க்குக் கீழே இருந்தால் நல்ல நீர், 2,000 வரை தேய்மானம், அதற்குமேல் அழற்சி, 50,000ஐத் தாண்டினால் கிருமி என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அளவுகள் ஒன்றோடொன்று மேவும், அதனால் எண்ணை மட்டும் நம்ப மாட்டேன் என்றார் டாக்டர். கல்ச்சரில் கிருமி இல்லை.

படிகம் இருந்தது. நாங்கள் எல்லாரும் யூரிக் ஆசிட் என்றே நினைத்து, அம்மா மூன்று மாதமாகப் பருப்பைத் தொடவில்லை. யூரிக் ஆசிடிலிருந்து வரும் யூரேட் படிகம் ஊசி மாதிரி இருக்கும். அம்மாவுக்கு இருந்தது சின்னக் கட்டை மாதிரி, சாய்சதுரமாக. கால்சியம் பைரோபாஸ்பேட். திரும்பப் போய் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இரண்டு எலும்புக்கும் நடுவே கறுப்பாக இருக்க வேண்டிய இடைவெளியில் மெல்லிய சுண்ணாம்புக் கோடு ஓடுகிறது. இத்தனை நாள் அது படத்தில் இருந்திருக்கிறது.

மூட்டு நீரில் யூரேட் படிகத்தை முனைவாக்கிய ஒளியில் (ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளி) பார்த்துக் கண்டுகொண்டது 1961இல், பிலடெல்பியாவில், மெக்கார்ட்டியும் ஹாலண்டரும். அதே ஹாலண்டர் 1951இலேயே மூட்டுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவதைப் பற்றி எழுதியவர். நீரை எடுத்துப் பார்க்காதே என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்திருந்தால் அம்மா இன்னும் பருப்பில்லாத சாம்பார்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

சர்க்கரை இருப்பதால் மூட்டில் ஸ்டீராய்டு வேண்டாம், சில நாளுக்குச் சர்க்கரை ஏறும் என்று, அழற்சியைத் தணிக்கும் கோல்ச்சிசின் மாத்திரை குறைந்த அளவில் கொடுத்திருக்கிறார்.

ஜூன் 25

விளக்கெண்ணெய்க் கணக்கையும் திருத்த வேண்டும். அம்மாவின் நீர் தண்ணீர் மாதிரி இருந்தது. அப்படியென்றால் முதல் கிளினிக்கில் 8 மில்லியோடு நின்றதற்கு நீரின் கெட்டித்தன்மை காரணமில்லை. பச்சை ஊசியிலேயே தாராளமாக வந்திருக்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்டேன். அழற்சியில் உள்சவ்வு தடித்து, விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும், நார் மாதிரித் திரளும் மிதக்கும் என்றார். வேகமாக உறிஞ்சினால் முதலில் ஓடிவந்து ஊசி வாயை அடைப்பது அதுதான். அடைத்ததும் இன்னும் பலமாக இழுப்போம், இன்னும் இறுகும். அப்போது செய்ய வேண்டியது நேர்மாறு: கொஞ்சம் நீரை உள்ளே திருப்பித் தள்ளினால் சவ்வு விலகும், பிறகு மெதுவாக எடுக்கலாம்.

வீட்டில் செய்து பார்த்தேன். கிண்ணத்து நீரில் ஈர மஸ்லின் துணித் துண்டுகளைப் போட்டு, பலமாக இழுத்தால் துணி ஊசியில் ஒட்டி நின்றுவிடுகிறது. அரை மில்லி தள்ளினேன், விலகியது. ஆனால் இழு, தள்ளு, இழு என்று சாதாரண சிரிஞ்சில் மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் பிடி மாறுகிறது. இரட்டைத்தண்டு சிரிஞ்சின் அருமை இங்கேதான். எடுக்கும்போது மட்டும் உதவும் கருவி என்று அதை நான் முதலில் நினைத்தது பாதிதான் சரி. தள்ளலுக்கும் எடுப்புக்கும் நடுவே கை ஆடாமல் இருக்கத்தான் அது.

ஜூலை 7

இரட்டைத்தண்டு சிரிஞ்சு மாதிரி ஒன்றை நானே செய்து பார்க்க, ஞாயிறு ரிச்சி தெருவுக்குப் போய் இரண்டு பழைய சிடி டிரைவ் வாங்கினேன். தட்டு வெளியே வர அடியில் நேரான பல்வரிசை ஒன்று இருக்கும், அதை அறுத்தெடுத்தேன். இரண்டு பல்வரிசை, நடுவே அதே டிரைவின் சின்னப் பல்சக்கரம். இடப்பக்கத் தண்டில் ஒன்று, வலப்பக்கத் தண்டில் ஒன்று. வலதை ஒரு சென்டிமீட்டர் அமுக்கினால் இடது சரியாக ஒரு சென்டிமீட்டர் பின்னால் வருகிறது. பிளைவுட் பலகையில் பூட்டி, மஸ்லின் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தேன். ஊசி நுனிக்கு எதிரே கிராஃப் தாள் நிறுத்தி என் பையன் போனில் படம் பிடித்தான். சாதாரண சிரிஞ்சில் நுனி 4 கட்டம் அலைந்தது. இதில் ஒரு கட்டத்துக்குள் நின்றது.

ஜூலை 8

வீட்டில் ஊசி வைத்து விளையாட்டா என்று கண்டித்து எழுதியவர்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். இது மேஜைமேல் கிண்ணத்துக்கு மட்டும். யாரும் வீட்டில் மனித முட்டியில் ஊசி வைக்காதீர்கள். கிருமி ஒன்று உள்ளே போனால் குருத்தெலும்பு சில நாளிலேயே அழிந்துவிடும்.

இன்னொன்று. மடிப்பாக்கத்திலிருந்து எழுதிய தம்பிக்கு: அப்பாவுக்கு முட்டி சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் இருக்கிறது என்கிறீர்கள். பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். இன்றே, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை அவசரப் பிரிவு சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது. பழைய ஆன்டிபயாட்டிக் மாத்திரை வீட்டில் இருந்தாலும் கொடுத்துவிடாதீர்கள், நீரில் கிருமி காட்டாமல் போய்விடும்.

ஜூலை 9

தம்பி எழுதியிருக்கிறார், சேர்த்துவிட்டார்களாம். நீர் எடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 2

மறுபரிசோதனை. பலகையைத் துணிப்பையில் கொண்டுபோனேன். டாக்டர் இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார், மூன்றாவது தரம் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். “கட்டைவிரலுக்கு இப்படிச் செய்யறதுதான் பழக்கம். இழுக்கறது நாங்க கத்துக்கிட்ட கெட்ட வேலை” என்றார். பிறகு, ஏன் இங்கே எல்லாரிடமும் இல்லை என்று நான் கேட்டதற்கு: சாதாரண சிரிஞ்சு எந்தக் கடையிலும் கிடைக்கும், ஒருமுறை வைத்துவிட்டுத் தூக்கிப் போடுகிற சாமான், அதில் விலை ஏறினால் வாங்குகிறவர்கள் தயங்குவார்கள் என்றார்.

எனக்கு இந்த இடம் ஆறவில்லை. வலி குறைகிற வழி ஒன்று கண்டுபிடித்தாயிற்று. உள்ளே இருப்பது ஒரு கோப்பு, இரண்டு தண்டு. அம்பத்தூரில் பிளாஸ்டிக் மோல்டு அடிக்கிற எத்தனை பட்டறை இருக்கிறது! கிருமிநீக்கம், அனுமதி, உரிமை என்று வரிசையாகத் தடைகள் உண்டு என்பது தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது படித்தால், வயசானவர்கள் முட்டியை நினைத்து ஒரு தரம் யோசியுங்கள்.

பலகையை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னார்.

டிசம்பர் 14

பலர் கேட்டிருந்தீர்கள், அம்மாவுக்கு மறுபடி ஊறியதா என்று. ஊறியது. ஐந்து மாதம் கழித்து, பாதி அளவு. “பாத்தியா, கிணறு” என்று பால்காரர் சொன்னார். காரணம் கிணறு இல்லை: கால் வீக்கமே இல்லையே என்று அம்மா அக்டோபரில் தானாக மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

இந்த முறை எடுத்தது பயிற்சிக்கு வந்திருந்த பெண். முதல் இழுப்பில் அவர் கை லேசாக ஆடியது. டாக்டர் ஒன்றும் பேசாமல் அவருடைய இடது கையை எடுத்து அம்மாவின் முட்டிமேல் ஊன்றி வைத்தார். பிறகு ஆடவில்லை. 18 மில்லி. நூல் ஒரு சென்டிமீட்டர் நீண்டது, போன தடவையைவிட நல்ல நீர்.

என் பலகை நீர் எடுக்கும் அறை ஜன்னலோரம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் முதலில் அதில் மஸ்லின் கிண்ணத்தில் பழகுகிறார்கள். பல்சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்து, அமுக்கும்போது நடுவில் வழுக்குகிறதாம். ஞாயிற்றுக்கிழமை பித்தளையில் வெட்டிக் கொண்டுபோக வேண்டும்.